இரண்டு மணி அளவு

அக்டோபர் 14, திங்கள்

காலை ஒன்பதரைக்கு மேலத்துறை வந்து சேர்ந்தோம், நானும் படகோட்டி இருதயராஜும். புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். மாடி அறை எனக்கு, கீழ் அறை அவருக்கு. குழாய்த் தண்ணீர் கரிக்கிறது. குடிக்கக் கேன் வாங்க வேண்டும்.

வேலை பதினைந்து நாள். ஆறு கடலில் சேரும் இந்த முகத்துவாரத்தில் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மணிக்கு ஒருமுறை நீர்மட்டமும் நீரின் வெப்பமும் பார்த்து எழுத வேண்டும். இரவைத் தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும். இங்கே புதிதாக ஒரு படகுத்துறை கட்டப்போகிறார்கள். அதன் உயரத்தை இந்த அளவுகளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டு ஒரு குறிப்பும் கேட்டிருக்கிறார்கள். அவற்றின் நகல்கள் ஒரு கட்டாக என்னோடு வந்திருக்கின்றன. இன்று பிரிக்க நேரமில்லை.

கரையோரக் கல்தூணில் புது அளவுகோலைப் பொருத்தினோம். பழைய கோலின் ஆணிகள் துருப்பிடித்து இன்னும் தூணிலேயே இருந்தன. இருதயராஜ் சுத்தியலால் தட்டி எடுத்தார்.

"மேடம் இதுக்கு முன்ன இந்தப் பக்கம் வந்திருக்கீங்களா?"

"ரொம்ப வருசத்துக்கு முன்ன" என்றேன். 

அக்டோபர் 15, செவ்வாய்

கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறுவதை இங்கே ஏற்றம் என்கிறார்கள், இறங்குவதை வற்றம். இன்றைய ஏற்றம் காலை ஏழுக்கு 0.97 மீட்டர். வற்றம் மதியம் ஒன்றரைக்கு 0.40. வெப்பம் 29.2 முதல் 30.1 வரை. வாளியில் மொண்டு வெப்பமானியை ஒரு நிமிடம் வைக்க வேண்டும். வெயிலில் அந்த ஒரு நிமிடம் நீளமாக இருக்கிறது.

இரண்டு மணிக்கு ஒரு ஆள் வந்தார். அறுபது வயது இருக்கும். கைலி, தோளில் துண்டு. தூணுக்குப் பத்தடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிக் கோலைப் பார்த்தார்.

"நாப்பத்திரெண்டு" என்றார். நானும் அதைத்தான் எழுதியிருந்தேன். எங்களிடம் எதுவும் கேட்காமல் வந்த வழியே போய்விட்டார்.

இருதயராஜ் டீக்கடையில் விசாரித்துக்கொண்டு வந்தார். அவர் பெயர் நாகூரான். ஒரு காலத்தில் அக்கரை மணல்திட்டுக்கு ஆள் ஏற்றிய படகுக்காரர். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவர் படகு நடு ஆற்றில் கவிழ்ந்தது. ஏழு பேர் செத்தார்கள். கவனக்குறைவு என்று தீர்ப்பாகி இரண்டு வருடம் உள்ளே இருந்தார். வெளியே வந்த நாளிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு இங்கே வந்து கோலைப் பார்க்கிறாராம். கோல் உடைந்து கிடந்த வருடங்களில்கூட வந்து தூணைப் பார்த்துவிட்டுப் போவாராம்.

"இன்னொண்ணும் சொன்னாங்க மேடம். ரெண்டு மணிக்கு இங்க யாரும் அக்கரைக்குப் போறதில்லையாம். படகு சும்மாதான் நிக்குமாம்."

இரவு சோறு மிஞ்சிவிட்டது. தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 16, புதன்

ஏற்றம் 1.01. வற்றம் 0.38. பதிவேட்டு நகலை இன்றும் பிரிக்கவில்லை. அவசரமில்லை.

அக்டோபர் 17, வியாழன்

பௌர்ணமி. ஏற்றம் 1.04, இந்தப் பதினைந்து நாளில் இதுதான் உச்சமாக இருக்கும்.

நாகூரான் இன்று கோலைப் பார்த்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். இருதயராஜ் டீ ஊற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்.

"தெனமும் எதுக்குண்ணே இத வந்து பாக்குறீங்க?" என்று இருதயராஜ்தான் கேட்டார். நான் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஒரு நாளாச்சும் இந்தக் கோலு தப்பு சொல்லுதான்னு பாக்குறேன்" என்றார் நாகூரான். "அன்னிக்கு ஆளு ஏத்தி, கயித்த அவுக்கச் சொல்ல, இத நா பாத்தேன். ஒண்ணுக்கு மேல ரெண்டு கட்டம் முழுவியிருந்துச்சு, ஒண்ணு இருவது. வத்துற நேரத்துல என்னாடா இதுன்னு தோணிச்சு. தோணி முடிக்கறதுக்குள்ள நடு ஆத்துல இருக்கேன். மேலேர்ந்து தண்ணி பொரட்டிக்கிட்டு வருது."

"அதக் கோர்ட்டுல சொல்லலையா?"

"சொன்னேன். ரிஜிஸ்டர எடுத்தாந்து காட்டுனாங்க. ரெண்டு மணிக்கு அம்பத்தெட்டுன்னு எழுதியிருந்துச்சு. அம்பத்தெட்டுல ஆறு குளம் மாதிரி கெடக்கும். அதுல ஒருத்தன் படகக் கவுத்தான்னா அவன் குடிச்சிருக்கணும், இல்ல தூங்கியிருக்கணும்." டீயைக் கீழே வைத்தார். "எங்கண்ணுதான் பொய் சொல்லியிருக்கு. காயிதம் எதுக்குப் பொய் சொல்லப் போவுது? அத எழுதுனது சர்க்காரு பொண்ணு. இதே எடத்துல கொடை புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. படகுலேர்ந்து நா பாத்தேன்."

"அந்தப் பொண்ணையா?"

"ஆமா. நீலக் கொடை."

மூன்று மணி அளவை எழுதும்போது தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். அடித்துத் திருத்தினேன்.

அக்டோபர் 18, வெள்ளி

வெயில் தாங்க முடியவில்லை. டவுனுக்குப் பேட்டரி வாங்கப் போன இருதயராஜ், "குடை ஒண்ணு வாங்கியாரட்டா மேடம்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொள்கிறேன்.

மகள் சுபிதா போன் செய்தாள். தீபாவளிக்கு வந்துவிடுவாயா, அப்பா கேட்கச் சொன்னார் என்றாள். இருபத்தொன்பதாம் தேதி வந்துவிடுவேன் என்றேன். குரல் ஏன் இப்படி இருக்கிறது என்றாள். உப்புத் தண்ணீர் என்று சொன்னேன்.

அக்டோபர் 19, சனி

நாகூரான் இப்போது தூணுக்கு அருகிலேயே உட்காருகிறார். என்னிடமும் பேசுகிறார். கண்ணில் புரை விழுந்திருக்கிறது போலும், முகத்தை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரமாகப் பார்க்கிறார்.

"அந்தப் பொண்ணு கைய ஆட்டுச்சும்மா" என்றார்.

நான் வெப்பமானியைத் துடைத்தேன்.

"மொதல்ல கொடையோட சும்மாதான் நின்னுச்சு. நா பாதி தூரம் போனதும் கைய ஆட்டுச்சு. போவலாம்னு ஆட்டுச்சா, போவாதேன்னு ஆட்டுச்சான்னு தெரியல. செயிலுல படுத்தாலும் அந்தக் கைதான். வூட்டுல படுத்தாலும் அந்தக் கைதான். போவாதேன்னு ஆட்டியிருந்தா, நா அதப் பாத்தும் போயிருக்கேன்னு ஆவுதுல்ல."

பிறகு சொன்னார்: "எம்மவ முன்னால உக்காந்திருந்தா. பதினோரு வயசு. சனிக்கெழம அரை நாள் பள்ளிக்கூடம். நானும் வரேம்ப்பா, அக்கர பாத்துட்டு வரேம்ப்பான்னா. ஏத்திக்கிட்டேன்."

அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை. மலர்க்கொடி. எனக்குத் தெரியும். செத்தவர்கள் ஏழு பேரின் பெயரும் எனக்குத் தெரியும்.

2 மணி: 0.51. வெப்பம் 30.0.

அக்டோபர் 20, ஞாயிறு

நகல் கட்டைப் பிரித்தேன். வேலையை எத்தனை நாள்தான் தள்ளிப்போடுவது.

அந்த வருடத்தின் பக்கங்கள் சுத்தமாக இருக்கின்றன. கோணல் இல்லை, அடித்தல் இல்லை. அப்போது ஒரு நாளைக்கு நான்கு அளவுகள்தான். அந்தச் சனிக்கிழமை: எட்டு மணி 0.76, பதினொன்று 0.85, இரண்டு 0.58, ஐந்து 0.37. வெப்பம் 29.0, 29.5, 30.0, 29.5. ஓரத்தில் வே.நா. என்று கையெழுத்து. 'வே'யின் கொம்பை நீளமாகச் சுழித்துப் போடும் வழக்கம் எனக்கு அப்போது இருந்தது.

ஏற்றமும் வற்றமும் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். முந்தைய நாள் அளவு கையில் இருந்தால் மறுநாளுடையதை உட்கார்ந்த இடத்தில் போட்டுவிடலாம். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். அதற்கு மேல் வராது. இதை நான் பலமுறை சரிபார்த்திருக்கிறேன். எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் அங்கேயும் ஒருமுறை சரிபார்த்துவிடுவேன்.

அன்றும் இரண்டு மணிக்கு அநேகமாக ஐம்பத்தெட்டுதான் இருந்திருக்கும்.

அக்டோபர் 21, திங்கள்

மேற்கே நல்ல மழை என்று செய்தியில் சொன்னார்கள். இங்கே தூறல்கூட இல்லை. இருதயராஜ் நண்டு வாங்கிக் குழம்பு வைத்தார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பகல் ஒரு மணிக்கு ஏற்றம் முடிந்தது, 0.84. ஒன்றரைக்கு 0.82. இறங்கத் தொடங்கிவிட்டது. இரண்டுக்கு 0.79 அளவில் இருக்க வேண்டும். இருந்தது 0.91.

தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்துக் குனிந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கோடு மறைந்தது. தண்ணீரின் நிறம் மாறிவிட்டது. பச்சை போய்ச் செம்மண். நுரையும் ஆகாயத்தாமரையும் மேற்கிலிருந்து வந்தன. இரண்டேகாலுக்கு 1.04. இரண்டரைக்கு 1.17. படகின் கயிறு விறைத்துக்கொண்டு நின்றது. இருதயராஜ் ஓடிப்போய் இன்னொரு கயிறு போட்டுக் கட்டினார்.

வாளியில் மொண்டு வெப்பமானியை வைத்தேன். 29.6 இருந்த இடத்தில் 26.2. மறுபடி மொண்டேன். 26.1.

நாகூரான் கரையிலிருந்து இறங்கி வந்து ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் இந்தத் தண்ணீரைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை என்று பிறகு இருதயராஜ் சொன்னார்.

"சில்லுன்னு இருக்குது" என்றார். "அன்னிக்கும் இப்பிடித்தான் சில்லுன்னு இருந்துச்சு. புள்ளையத் தேடி முங்குனேன். கை வெறைச்சுப் போச்சு. மத்தியான வெயிலுல ஆத்துத் தண்ணி எப்புடிடா சில்லுன்னு இருக்கும்னு எல்லாரும் கேட்டாங்க. அதுவும் எம்பொய்யின்னு ஆயிடுச்சு."

மேலே எங்கோ ஒரு மதகைத் திறந்திருக்கிறார்கள். மழைத்தண்ணீர் வந்திருக்கிறது, கடல் தண்ணீரைவிடக் குளிராக. வற்றத்தோடு சேர்ந்து ஓடுவதால் வேகம் இரண்டு மடங்கு. இதில் ஆள் ஏற்றிய படகு நடு ஆற்றில் இருந்தால் யாராலும் திருப்ப முடியாது. இது கணக்குத் தெரிந்த எவருக்கும் புரியும்.

அன்றும் இதுதான் நடந்திருக்கிறது.

இனி மறைத்து எழுதுவதில் பொருள் இல்லை. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. தற்காலிக வேலை. அந்தச் சனிக்கிழமை டவுனில் நிரந்தர வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. விடுப்புக் கேட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும் என்று பயந்தேன். முதல் நாள் இரவே மறுநாளின் நான்கு அளவுகளையும் கணக்குப் போட்டு எழுதிவிட்டு, காலை ஏழு மணி பஸ்ஸில் போனேன். அதற்கு முன்பும் இரண்டு முறை அப்படி எழுதியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

மாலை ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோது கரையில் ஓலைப் பாய்கள் வரிசையாக விரித்துக் கிடந்தன. பதிவேட்டை அதற்குள் என் மேசையிலிருந்து போலீஸ் எடுத்துப் போயிருந்தது. ஐந்து மணி அளவும் அதில் எழுதியிருந்தது. அவர்கள் எடுத்துப் போனது நாலரைக்கு. அதை யாரும் கவனிக்கவில்லை.

கோர்ட்டில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. இது நீங்கள் பார்த்து எழுதியதா என்று. ஆமாம் என்றேன். அடுத்த மாதம் நியமன உத்தரவு வந்தது.

அக்டோபர் 23, புதன்

உதவிப் பொறியாளர் கலிவரதனுக்குப் போன் செய்தேன். முப்பது வயதுப் பையன், நல்லவன். நேற்றைய அளவுகளைச் சொன்னேன். மகிழ்ந்தான். "அருமையான டேட்டா மேடம்" என்றான். பிறகு மற்றதைச் சொன்னேன். 

"மேடம், பத்தொன்பது வருசம் ஆச்சு. கேஸ் முடிஞ்சு போச்சு. அந்த ஆளு தண்டனையும் அனுபவிச்சு வந்தாச்சு."

"அவர் இங்கதான் இருக்கார். தினமும் வரார்."

"நீங்க எழுதிக் கொடுத்தா மொதல்ல உங்க வேலைதான் போவும். அப்புறம் கேஸ் வரும். பொண்ணு பிளஸ் டூ படிக்குது, இல்ல? நான் இதக் கேட்டதா நெனைக்கல மேடம். நீங்களும் சொன்னதா நெனைக்காதீங்க."

நல்லதற்குத்தான் சொல்கிறான்.

அக்டோபர் 24, வியாழன்

நாகூரான் வந்தார். 0.73 என்றார். நானும் 0.73 என்று எழுதினேன்.

அக்டோபர் 25, வெள்ளி

இருதயராஜை டவுனுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு மணிக்கு நாகூரான் வந்ததும், "உக்காருங்கண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்றேன். உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அந்தக் குடைக்காரப் பொண்ணு நான்தான். எம்பேரு வேதநாயகி."

என் முகத்தை ஓரமாக வெகுநேரம் பார்த்தார். "அது ஒல்லியா இருந்திச்சே" என்றார்.

"ஆமா. இருந்தேன்."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் அவசரமாக என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கைய ஆட்டுனியே. போவலாம்னா, போவாதேன்னா? அத மட்டும் சொல்லும்மா."

இந்தக் கேள்வி முதலில் வரும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

"நான் ஆட்டலண்ணே. நான் இங்க இல்ல. அன்னிக்குக் காலைலயே டவுனுக்குப் போயிட்டேன். நீங்க படகுல இருந்தப்ப நான் அம்பது கிலோமீட்டருக்கு அந்தாண்ட ஒரு ஆபீஸ் வராந்தாவுல நின்னுக்கிட்டு இருந்தேன்."

"நா பாத்தனே."

"இல்லண்ணே."

"நீலக் கொடை."

"குடை என்கிட்டதான் இருந்துச்சு. அங்க."

அவர் தூணைத் திரும்பிப் பார்த்தார். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அங்கே பார்க்கப் பயமாக இருந்தது.

"அப்ப நின்னது யாரு?"

"யாரும் நிக்கல."

"பத்தொம்பது வருசமா அந்தக் கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். பிறகு, "அப்ப அந்த அம்பத்தெட்டு?" என்றார்.

"நானே போட்டது. மொத நாள் ராத்திரியே எழுதி வச்சிட்டேன்."

"அப்ப அன்னிக்கு எவ்வளவுதான் இருந்துச்சு?"

"எனக்குத் தெரியாதுண்ணே. நான் பாக்கல. வேற யாரும் பாக்கல. பாத்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க பாத்ததுதான் அளவு."

துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. மூன்று மணி அளவு விட்டுப்போயிற்று. என் வேலையில் எழுதாமல் விட்ட முதல் அளவு அதுதான்.

எழுந்து கரையேறிப் போனவர் நின்று திரும்பினார்.

"கோர்ட்டுல ஜட்ஜய்யா கேட்டப்ப ஆமான்னு சொன்னியே. நா குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். மொகம் பாக்கல. கொரல் மட்டுந்தான் கேட்டுச்சு. எம்மாம் தெளிவா சொன்ன."

அக்டோபர் 26, சனி

காலையில் எழுதி முடித்தேன். இரண்டரைப் பக்கம். நான் எழுதிய நான்கு அளவுகளும் பொய் என்றும், அன்று நான் ஊரிலேயே இல்லை என்றும், கோர்ட்டில் சொன்னது பொய் என்றும். இரண்டு மணிக்கு எதிரே, 'படகோட்டி நாகூரான் நேரில் கண்டது: 1.20' என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை அளவுகளை இணைத்தேன். அலுவலகத்துக்கு ஒன்று, கோர்ட்டுக்கு ஒன்று. இருதயராஜிடம் சொல்லிவிட்டு நானே போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். நான் திரும்பி வந்தபோது பதினொன்று, பன்னிரண்டு அளவுகளை அவர் தன் கோணல் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். மீதியையும் அவரே பார்த்தார்.

சுபிதாவின் அப்பாவிடம் போனில் சொன்னேன். "இத்தனை வருசம் எங்கூடத்தானே படுத்த" என்றார். போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் 27, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு நாகூரான் கட்டடத்து வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை.

"வா. வூடு வூடா போவணும்" என்றார். "நீ வந்து சொல்லு. நா சொன்னா நம்ப மாட்டாங்க."

அளவுகளை இருதயராஜிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். செத்தது ஏழு பேர். அதில் இரண்டு பேர் அக்கா தம்பி. ஆகவே ஆறு வீடு.

முதல் வீட்டில் ஒரு கிழவி. காது கேட்கவில்லை. என்னாது, என்னாது என்றார். நான் குரலை உயர்த்த வேண்டியதாயிற்று. நான் அன்னிக்கு இல்லை, பொய்யா எழுதிட்டேன் என்று மூன்று முறை கத்தினேன். தெருவே வெளியே வந்துவிட்டது. கிழவிக்குக் கடைசியில் புரிந்ததா என்று தெரியவில்லை. நாகூரானின் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "புதுசா?" என்று கேட்டார்.

இரண்டாவது வீட்டில் இருபத்திரண்டு வயது இளைஞன். அம்மா போனபோது மூன்று வயதாம். நின்று கேட்டுவிட்டு, "அப்ப தண்ணியத் தொறந்து வுட்டது யாரு?" என்றான்.

"தெரியலப்பா. தொறந்ததா எங்கயும் எழுதி வைக்கல."

"நீங்க பாத்து எழுதியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்."

மூன்றாவது வீட்டில் பாதி கேட்டதும் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே ஒரு பெண் அழுவது கேட்டது. நாலாவது வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு சென்னைக்குப் போய்ப் பத்து வருடமாம். நான் நகரப் பார்த்தேன். நாகூரான் நகரவில்லை. "சொல்லு" என்றார். பூட்டைப் பார்த்துச் சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

அக்கா தம்பியின் அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. நாகூரானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எம்மாம் நாளு ஒன்ன ஏசியிருப்பேன்" என்றார். இருவரும் அப்படியே நின்றார்கள். எனக்கு வேலியோரம் ஒதுங்கி நிற்கத்தான் தோன்றியது.

ஆறாவது நாகூரானின் வீடு. அவர் மனைவி பூரணி வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கூந்தல் முழுவதும் நரைத்திருந்தது. நாங்கள் வருவது தெரிந்தும் தலை நிமிரவில்லை. தெருவில் கத்தியது இங்கேயும் கேட்டிருக்கும்.

நாகூரான் வாசலுக்கு வெளியே மணலில் நின்றுகொண்டார். "பூரணி, இந்தப் பொண்ணு சொல்றதக் கேளு" என்றார். அவர் குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. ஐந்து வீடு நடந்துவந்த தெம்பு.

நான் தொடங்கினேன். "அன்னிக்கு நான் இங்க இல்லம்மா."

"தெரியும்" என்றார் பூரணி.

கத்தி நிற்கவில்லை. செதில்கள் தெறித்துக்கொண்டே இருந்தன.

"அன்னிக்குக் காலைல ஏழு மணி பஸ்சுல நீ ஏறுனப்ப, மீன் கூடையோட நானும் அதுலதான் வந்தேன். எனக்கு முன்னாடி சீட்டுல உக்காந்திருந்த. மடியில ஒரு பைலு. நீலக் கொடைய சன்னல்ல மாட்டியிருந்த. டவுன்ல எறங்கி, ஆபீசு எங்கன்னு எங்கிட்டதான் வழி கேட்ட."

எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு மீன்காரம்மாவிடம் வழி கேட்டது மங்கலாக நினைவுக்கு வந்தது. முகம் வரவில்லை.

நாகூரான் மெல்ல மணலில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையை அவர் கவனிக்கவில்லை. "தெரியுமா?" என்றார். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கோர்ட்டுல சொல்லலையே."

"எங்கிட்ட யாரும் கேக்கல." இப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நா போயி சொல்லியிருந்தா நீ அன்னிக்கே நல்லவனாயிருப்ப. எம்புள்ளைய வா வான்னு ஏத்திக்கிட்டுப் போனது நீதான. இவ எழுதுனா என்னா, எழுதாட்டி என்னா. நீ ஏத்தாம இருந்திருக்கலாம்ல."

ஆய்ந்த மீனைப் பாத்திரத்தில் போட்டார்.

"ஒரு வருசம் போவட்டும், சொல்லிக்கலாம்னு நெனைச்சேன். செயிலுலேர்ந்து வரட்டும்னு நெனைச்சேன். நீ வந்து அந்தக் கோலாண்ட நிக்க ஆரம்பிச்ச. நின்னுக்கிட்டே இருன்னு வுட்டுட்டேன். அப்பறம் எப்பிடி சொல்றதுன்னு தெரியல."

நாகூரான் எழுந்திருக்கவில்லை, உள்ளேயும் வரவில்லை. இரு கைகளையும் மணலில் ஊன்றிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரை முதலில் வெறுப்பது என்று தெரியாதவர் மாதிரி இருந்தது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் மீன் பாத்திரத்தைப் பார்த்தேன்.

பூரணி ஒரு பலகையைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு எதுக்குப் போன?" என்று கேட்டார்.

"வேலைக்கு. நிரந்தர வேலைக்கு."

"கெடைச்சுதா?"

"கெடைச்சுது" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தார்.